பிரபலங்களும் நம் அன்றாடமும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்திரிகை ஒன்றுக்காகப் பேட்டி ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதித் தரும் வேலையை ஒன்பது வருடம் பார்த்தேன். நடிகர்கள், பாடகர்கள், விளையாட்டு வீரர்கள் என்று சில நூறு பேரின் குரலை ஹெட்போனில் கேட்டிருக்கிறேன். நேரில் பார்த்தது இரண்டே பேரை. ஆனால் இந்த வேலையைப் பற்றி வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், சொந்தக்காரர்களும் சரி, பக்கத்து இருக்கைக்காரரும் சரி, ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். ஆண்டும் எண்ணும் வருகிற இடங்கள் பதிவில் உள்ள செய்திகள். மற்றதெல்லாம் என் சொந்த அபிப்பிராயம், சண்டைக்கு வரலாம்.

நிஜத்தில் அவர்கள் எப்படி? தங்கமானவர்களா, அலட்டல் பேர்வழிகளா?

எப்போதும் முதலில் வருவது இந்தக் கேள்விதான். உண்மையான பதில்: தெரியாது. ஒன்பது வருடம் அவர்கள் பேசியதையே கேட்டுக்கொண்டிருந்தும் தெரியாது.

ஒரு படம் வெளியாகும் சமயத்தில் ஹோட்டல் அறை ஒன்றில் நட்சத்திரத்தை உட்கார வைப்பார்கள். வெளியே நிருபர்கள் வரிசையில் காத்திருப்பார்கள். ஆளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே நடிகர் ஒரே படத்துக்குக் கொடுத்த நான்கு பேட்டிகளை ஒரே வாரத்தில் தட்டச்சு செய்திருக்கிறேன். மூன்றாவது பேட்டியில், அவர் சொல்லி முடிப்பதற்குள் வாக்கியத்தை நான் அடித்து முடித்துவிட்டேன். "யோசிச்சுப் பார்த்தா…" என்று ஆரம்பித்து, ஏதோ அப்போதுதான் தோன்றியது போல ஒரு இடைவெளி விடுவார். அந்த இடைவெளிகூட நான்கிலும் ஒரே நீளம். சிரிப்பும் அதே இடத்தில்.

இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே பாடத்தை நான்கு வகுப்புகளில் எடுக்கும் ஆசிரியரும் அதே இடத்தில்தான் அதே நகைச்சுவையைச் சொல்கிறார். அது வேலை. ஒருமுறை மட்டும், பேட்டி முடிந்த பிறகும் யாரோ ரெக்கார்டரை நிறுத்த மறந்துவிட்டார்கள். "அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்களேன், காலையிலேருந்து தலை வலிக்குது" என்று மெதுவான, வேறு யாருடையதோ போன்ற ஒரு குரல். அதை எழுத்தில் கொண்டுவரவில்லை. அப்படிப்பட்ட வரிகளை நீக்குவதுதான் எனக்குக் கொடுத்திருந்த வேலை.

பிரபலங்கள் மேலான இந்தப் பைத்தியம் சினிமாவோடு வந்ததா, செல்போனோடு வந்ததா?

இரண்டும் இல்லை. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பாம்பெய் நகரத்துச் சுவர்க் கிறுக்கல்களில் செலாதுஸ் என்ற வாள்வீரனின் பெயர் இருக்கிறது. 'பெண்களின் பெருமூச்சு' என்று அவனைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். ரசிகர் மன்ற சுவரொட்டி என்றே வைத்துக்கொள்ளுங்களேன். 1840களில் பியானோ கலைஞர் ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் கையுறைக்கும் கைக்குட்டைக்கும் ஐரோப்பாவில் அடிதடி நடந்தது. கவிஞர் ஹைன்ரிக் ஹைனே 1844இல் இந்தக் காய்ச்சலுக்கு 'லிஸ்ட்டோமேனியா' என்று பெயரே வைத்தார். எப்படியாவது பேர் வாங்கிவிட வேண்டும் என்ற வெறியும் பழசுதான். கி.மு. 356இல் எஃபெசுஸ் நகரத்து ஆர்ட்டெமிஸ் கோயிலுக்குத் தீ வைத்த ஹெரோஸ்ட்ராட்டஸ், தன் பெயர் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே அதைச் செய்தான் என்கிறார்கள். அவன் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது என்று ஊர் தடை போட்டது. தடை எவ்வளவு பலித்தது என்பதற்கு இந்தப் பத்தியே சாட்சி.

சினிமா செய்தது வேறொன்று. அது விசிறிவிட்டது, அதோடு விற்கவும் கற்றுக்கொண்டது. ஆரம்ப காலத்தில் அமெரிக்காவின் பயோகிராஃப் நிறுவனம் நடிகர்களின் பெயரையே வெளியிடவில்லை. ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ் என்ற நடிகையை மக்கள் 'பயோகிராஃப் பெண்' என்றுதான் அழைத்தார்கள். கார்ல் லெம்லி என்ற தயாரிப்பாளர் அவரைத் தன் கம்பெனிக்கு இழுத்துக்கொண்டார். 1910இல் அந்த நடிகை விபத்தில் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. உடனே லெம்லி, 'இது பச்சைப் பொய், அவர் உயிரோடு இருக்கிறார், எங்கள் படத்தில் நடிக்கிறார்' என்று விளம்பரம் கொடுத்தார். வதந்தியைக் கிளப்பியதே அவர்தான் என்பது பரவலான நம்பிக்கை. பிறகு அந்த நடிகை பொதுமக்கள் முன் தோன்றியபோது கூட்டம் முண்டியடித்தது. இன்று 'அவருக்கு என்ன ஆச்சு?' என்று தலைப்பு வைத்து இழுக்கிறார்களே, அதற்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

எதையும் சாதிக்காதவர்கள்கூட இப்போது பிரபலமாகிவிடுகிறார்களே?

அமெரிக்க வரலாற்றாசிரியர் டேனியல் பூர்ஸ்டின் 1960களின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிட்டார்: தெரிந்த முகம் என்பதாலேயே தெரிந்த முகமாக இருப்பவர்தான் பிரபலம். எனக்கும் முன்பு இதில் எரிச்சல் இருந்தது. இப்போது இல்லை. நாள் முழுவதும் தன்னைப் பார்க்கக் கொடுப்பதும் ஒரு உழைப்புதான். எனக்குச் சத்தியமாக முடியாது.

முன்பின் தெரியாத ஒருவர் இறந்ததற்கு உட்கார்ந்து அழுதேன். அசட்டுத்தனமா?

இல்லை. 1956இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். அப்போது தொலைக்காட்சி புதுசு. நிகழ்ச்சி நடத்துபவர் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். வீட்டில் இருப்பவருக்குத் தன்னைப் பார்த்துப் பேசுவதாகப் படுகிறது, மனசுக்குள் பதிலும் சொல்கிறார். வாரக் கணக்கில் இது நடந்தால் பழக்கம் உண்டாகிவிடுகிறது, ஆனால் ஒரு பக்கம் மட்டும். அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு நம் பெயர் தெரியாது.

ஒருதலைப் பழக்கம் என்பதால் அது போலி ஆகிவிடாது. நான் பேட்டியை எழுதித் தந்த ஒரு பாடகி சில வருடம் கழித்து இறந்தார். செய்தி வந்த அன்று அலுவலகத்தில் பழைய ஒலிப்பதிவைத் தேடியெடுத்துப் போட்டேன். அவர் இசையைப் பற்றிச் சொன்னதை நான் கேட்கவில்லை. நடுவில் இருமல் வந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "மன்னிச்சுக்கோங்க, எங்க விட்டேன்?" என்பார். அந்தப் பத்து விநாடியையே மூன்று முறை போட்டுக் கேட்டேன். பக்கத்து மேஜைக்காரர், "உனக்கு வேண்டியவங்களா?" என்றார். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ரசிப்பு எந்த இடத்தில் கோணலாகிறது?

நட்சத்திர ஈடுபாட்டை அளக்க உளவியலாளர்கள் அளவுகோலே வைத்திருக்கிறார்கள். 2002இல் லின் மெக்கட்சனும் சக ஆய்வாளர்களும் உருவாக்கியது. நண்பர்களோடு பேசி மகிழ்வது முதல் படி. 'அவர் என் ஆத்மாவுக்கு நெருக்கமானவர்' என்பது அடுத்தது. 'அவர் சொன்னால் சட்டத்தை மீறவும் தயார்' என்கிற மாதிரி எண்ணம் வருவது கடைசி. பெரும்பாலானவர்கள் முதல் படியிலேயே சந்தோஷமாக நின்றுவிடுகிறார்கள்.

என் அளவுகோல் இன்னும் சின்னது. அவர் கல்யாணம் செய்துகொண்டதற்கோ, தலைமுடியை வெட்டிக்கொண்டதற்கோ, ஓய்வு அறிவித்ததற்கோ உங்களுக்குக் கோபம் வந்தால், கொஞ்சம் நிதானியுங்கள். வருத்தம் சரி. 'எனக்கு எப்படி இதைச் செய்யலாம்?' என்பதுதான் கோணல்.

ரசிகர்கள் 'நாம ஜெயிச்சோம்' என்று சொல்வது எரிச்சலாக இருக்கிறது. அவர்கள் எங்கே ஆடினார்கள்?

உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1976இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. தங்கள் பல்கலைக்கழக அணி வென்ற வார இறுதிக்கு அடுத்த திங்கட்கிழமை, பல்கலைக்கழகப் பெயர் போட்ட உடைகளை அணிந்து வரும் மாணவர்கள் அதிகம். வெற்றியைப் பற்றிக் கேட்டால் 'நாங்கள் ஜெயித்தோம்', தோல்வியைப் பற்றிக் கேட்டால் 'அவர்கள் தோற்றார்கள்'. சட்டை போட்டு வருவதால் யாருக்கும் நஷ்டமில்லை, விடுங்கள்.

கிசுகிசு படிப்பீர்களா?

படிப்பேன். இல்லை என்பவர்களை நம்ப மாட்டேன்.

கிசுகிசுவில் ஒரு உபயோகம் உண்டு. அலுவலகத்தில் ஒருவருடைய மணமுறிவைப் பற்றி மதிய இடைவேளையில் வாய்விட்டுப் பேச முடியாது, பேசினால் பாவம். ஆனால் ஒரு நடிகரின் மணமுறிவைப் பேசலாம். அந்தச் சாக்கில் யாருக்கு எது துரோகமாகப் படுகிறது, எது மன்னிக்கத் தக்கதாகப் படுகிறது என்பதெல்லாம் வெளியே வந்துவிடும். நாலு பேரை நான் நன்றாகத் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

கணக்கு எங்கே தப்புகிறது என்றால், அந்தச் செய்தி நம் கைக்கு வந்த வழியில். பிரபலங்களைத் துரத்திப் படமெடுப்பவர்களைக் குறிக்கும் 'பாப்பராசி' என்ற சொல், 1960இல் வந்த ஃபெல்லினியின் இத்தாலியப் படமொன்றில் வரும் பாப்பராசோ என்ற புகைப்படக்காரரின் பெயரிலிருந்து வந்தது. வேடிக்கையாக ஆரம்பித்த பெயர், 1997இல் பாரிஸ் சுரங்கச் சாலையில் இளவரசி டயானா இறந்தபோது வேறு அர்த்தம் பெற்றுவிட்டது. அவருடைய காரை ஓட்டியவரின் கவனக்குறைவோடு, பின்தொடர்ந்த வண்டிகளின் கவனக்குறைவும் காரணம் என்று 2008இல் பிரிட்டன் விசாரணையின் ஜூரி சொன்னது. அதற்குப் பிறகாவது அடங்கினார்களா என்றால், 2011இல் 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' பத்திரிகை மூடப்பட்டதே அடுத்தவர்களின் தொலைபேசிச் செய்திகளைத் திருட்டுத்தனமாகக் கேட்டது வெளியானதால்தான். 1843இல் தொடங்கிய பத்திரிகை. ஆரம்பத்தில் எல்லோரும் 'பிரபலங்கள்தானே, பரவாயில்லை' என்று இருந்தார்கள். கொலையுண்ட ஒரு பள்ளி மாணவியின் செல்போனிலும் கைவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் ஊர் கொதித்தது.

அதனால் எனக்கென்று மூன்று விலக்கு வைத்திருக்கிறேன்: நோய், பிள்ளைகள், உடம்பு. இந்த மூன்றைப் பற்றிய தலைப்புகளைத் திறப்பதில்லை. மூன்றாவதில் அவ்வப்போது சறுக்கியிருக்கிறேன்.

ஒரு நடிகர் சொன்னார் என்பதற்காக ஏன் ஒரு பொருளை வாங்குகிறோம்?

1920இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தங்கள் வீரர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடற்கட்டு நன்றாக இருப்பவருக்கு அறிவு, தலைமைப் பண்பு, குணம் எல்லாவற்றிலும் சேர்த்தே நல்ல மதிப்பெண் விழுந்திருந்தது. ஒரு நல்ல அம்சத்தின் வெளிச்சம் மற்றதன் மேலும் படிகிறது. நன்றாகப் பாடுகிறவருக்கு முதலீடும் தெரிந்திருக்கும் என்று நாம் நம்புவது இப்படித்தான். 2022 அக்டோபரில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன், ஒரு கிரிப்டோ நாணயத்தைத் தன் பக்கத்தில் பரிந்துரைத்து அதற்காக 2,50,000 டாலர் வாங்கியதைச் சொல்லாமல் விட்டதற்காக, அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்திடம் 12,60,000 டாலர் கட்டிச் சமாதானம் செய்துகொண்டார்.

ஆனால் இதே வெளிச்சம் நல்லதுக்கும் பயன்பட்டிருக்கிறது. நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013 மே மாதம், மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் காட்டிய மரபணுப் பரிசோதனைக்குப் பிறகு தன் மார்பகங்களை அகற்றிக்கொண்டதைப் பற்றி எழுதினார். அடுத்த 15 வேலை நாட்களில் அமெரிக்காவில் அந்தப் பரிசோதனை செய்துகொண்ட பெண்களின் விகிதம் 64 சதவீதம் ஏறியது என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் ஆய்வு வந்தது. ஆனால் பரிசோதனை செய்துகொண்டவர்களிடையே அறுவை சிகிச்சை விகிதம் ஏறவில்லை. அதாவது, ஆபத்து குறைவாக இருந்தவர்களும் நிறையப் பேர் ஓடிவந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. பிரபலத்தின் குரல் ஒலிபெருக்கி மாதிரி. யாருக்குக் கேட்க வேண்டுமோ அவருக்கு மட்டும் கேட்கும்படி செய்ய முடியாது.

பிரபலங்கள் அரசியல் பேச வேண்டுமா?

பேசத் தோன்றினால் பேசட்டும். பேசாதவரைப் பிடித்து 'ஏன் மௌனம்?' என்று உலுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தெரியாத விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கும் உரிமை நம் எல்லோருக்கும் தேவைப்படுகிறது.

தப்புச் செய்த கலைஞரின் படைப்பை ரசிக்கலாமா?

இதில் நான் குழப்பவாதி. ஒருவருடைய பாட்டை அணைத்துவிடுகிறேன், அதைவிட மோசமான ஒருவருடைய படத்தை மறுபடி பார்க்கிறேன். நியாயம் கேட்டால் என்னிடம் இல்லை. உயிரோடு இருப்பவருக்குக் காசு போய்ச் சேருமா என்று மட்டும் பார்க்கிறேன்.

அவர்களைப் பார்த்தால் என் வாழ்க்கை சப்பென்று இருக்கிறதே?

முன்பெல்லாம் நட்சத்திரம் எட்டாத உயரத்தில் இருந்தார். மாளிகை, நகை, நீளமான கார். அதைப் பார்த்து யாருக்கும் ஏக்கம் வந்திருக்கலாம், தாழ்வு அவ்வளவாக வந்திருக்காது. உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இலேயே சொன்னதுதான்: மனிதர்கள் தங்களுக்குப் பக்கத்தில் இருப்பவரோடுதான் தங்களை ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். யாரும் சக்கரவர்த்தியோடு ஒப்பிட்டு நொந்துகொள்வதில்லை. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன்தான் தூக்கத்தைக் கெடுக்கிறான்.

இப்போது நட்சத்திரம் இறங்கி வந்துவிட்டார். சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார், துணி மடிக்கிறார், 'இன்னைக்கு ரொம்ப டயர்ட்' என்கிறார். நம்மைப் போலவே இருக்கிறாரே என்று முதலில் மகிழ்கிறோம். நம்மைப் போல என்று ஏற்றுக்கொண்ட நிமிடமே ஒப்பீடும் தொடங்கிவிடுகிறது. அவர் துணி மடிக்கும் அறையில் மட்டும் எப்படி இவ்வளவு வெளிச்சம்? பதில் எனக்குத் தெரியும், ஒரு பேட்டியில் வந்தது. தூங்கி எழுந்த முகத்தோடு எடுத்ததாகப் போட்ட ஒரு படத்துக்கு அறையில் நான்கு பேர் இருந்தார்களாம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்த வரியைக் கடைசி நேரத்தில் அவருடைய மேலாளர் கேட்டுக்கொண்டதால் எடுத்துவிட்டோம்.

நீங்கள் ஏன் இணையத்தில் படமே போடுவதில்லை?

போட்டேன், ஒரு தடவை. அப்பா முகத்தின் மேல் செய்தித்தாளை விரித்துக்கொண்டு நாற்காலியில் தூங்கும் படம். வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருந்தது, போட்டேன். யாரோ பெரிய பக்கத்துக்காரர் அதை எடுத்துப் பகிர்ந்தார். மூன்று நாளில் பல்லாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். முதல் நாள் 'என் அப்பா நினைவு வருது' என்று எழுதினார்கள். இரண்டாம் நாள் அப்பாவின் பனியனில் இருந்த ஓட்டையைப் பற்றி. மூன்றாம் நாள், பெற்றவரைக் கவனிக்காத பிள்ளை என்று என்னைப் பற்றி. அப்பா என் போனை வாங்கி வெகுநேரம் படித்துவிட்டு, "யாருப்பா இவங்கள்லாம்?" என்று கேட்டார். அதன் பிறகு கொஞ்ச நாள் அவர் அந்த நாற்காலியில் தூங்கவில்லை. பகலில் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

படத்தை எடுத்துவிட்டேன், விஷயம் அடங்கிவிட்டது. நான் யாரும் இல்லை என்பதால்தான் அடங்கியது. 2003இல் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட், கடற்கரை அரிப்பைப் பதிவு செய்ய வானிலிருந்து எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் தன் வீடு தெரிந்த ஒன்றை நீக்கச் சொல்லி 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அதுவரை அந்தப் படம் இணையத்தளத்திலிருந்து ஆறு முறைதான் இறக்கப்பட்டிருந்தது, அதிலும் இரண்டு முறை இறக்கியது அவருடைய வழக்கறிஞர்கள். வழக்குச் செய்தி பரவிய பிறகு ஒரே மாதத்தில் 4,20,000க்கும் மேற்பட்டவர்கள் அந்தத் தளத்துக்கு வந்து பார்த்தார்கள். வழக்கும் தோற்றது. மறைத்துக்கொள்வது நமக்குச் சுலபம், அவர்களுக்கு இல்லை. அந்தச் சுலபத்தை ஒரு படத்துக்காக மூன்று நாள் கொடுத்துப் பார்த்தேன். எனக்குப் பைசா வரவில்லை, அப்பாவுக்குத் தூக்கம் போனது.

என் பிள்ளை பெரிய ஆளானதும் பிரபலமாகணும் என்கிறது. என்ன சொல்ல?

எதில் என்று கேட்டுப் பாருங்கள். பாட்டில், ஆட்டத்தில் என்றால் கற்றுக்கொடுங்கள். 'சும்மா பிரபலமா' என்றால் வயது கூடட்டும் என்று விட்டுவிடலாம். நீங்களே பிள்ளையைக் கேமரா முன் நிறுத்துபவர் என்றால் ஒரு கதை சொல்கிறேன். 1920களில் உலகமே கொண்டாடிய குழந்தை நட்சத்திரம் ஜாக்கி கூகன். வளர்ந்து, தான் சம்பாதித்த பணம் எங்கே என்று பார்த்தால், பெரும்பகுதியைத் தாயும் மாற்றுத் தந்தையும் செலவழித்துவிட்டிருந்தார்கள். 1938இல் அவர் நீதிமன்றம் போனார், கிடைத்தது கொஞ்சம்தான். அவர் பெயரால் 1939இல் கலிஃபோர்னியாவில், குழந்தையின் சம்பாத்தியத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைக்கச் சொல்லும் சட்டம் வந்தது. இணையத்தில் வீடியோ போடும் குழந்தைகளுக்காக பிரான்ஸ் 2020இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. சட்டத்தால் காசைத்தான் ஒதுக்கி வைக்க முடியும்.

புகழை விட்டு வெளியே வர முடியுமா?

ஹாலிவுட் நடிகை கிரேட்டா கார்போ 1941க்குப் பிறகு நடிக்கவில்லை. அப்போது வயது 36. 1990இல் இறக்கும்வரை பெரும்பாலும் நியூயார்க் தெருக்களில் நடந்துகொண்டிருந்தார். புகைப்படக்காரர்கள் கடைசிவரை அந்த நடையையும் எடுத்தார்கள்.

வழியில் ஒரு பிரபலத்தைப் பார்த்தால் செல்ஃபி கேட்கலாமா? நீங்கள் கேட்டீர்களா?

சாப்பிடும்போது, குழந்தையோடு இருக்கும்போது, மருத்துவமனையில் வேண்டாம். மற்றபடி கேளுங்கள். முடியாது என்றால் சரி என்று நகர்ந்துவிடுங்கள், வீட்டுக்கு வந்து 'திமிர் பிடித்தவர்' என்று எழுதாதீர்கள்.

நான் கேட்கவில்லை. பார்த்த இரண்டு பேரில் ஒருவர், முதலில் சொன்னேனே, நான்கு பேட்டி கொடுத்தவர், அவரேதான். லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவர் எண் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நானும் அதையே பார்த்தேன். "உங்களுக்கு ஏழாவது மாடியா?" என்றார். "ஆமாம் சார்" என்றேன். பொத்தானை அழுத்தினார்.

இதைச் சொன்னதும் எல்லோரும் "அவ்வளவுதானா?" என்று கேட்கிறார்கள். அவ்வளவுதான். ஆனால் அவர் அதைக் கேட்டபோது, நடுவில் அந்த இடைவெளி இல்லை.